லைட்டுக்கு எதிர்வீடு எது?

அண்ணன் தெருமுனையில் டீக்கடை வைத்திருக்கிறார். பள்ளி விட்டதும் அவர் மகள் அங்கேதான் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். ஏழாம் வகுப்பு. ஒருநாள் ஆங்கில நோட்டைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். எதிர்ச்சொல் எழுதச் சொல்லிப் பத்து வார்த்தைகள் கொடுத்திருந்தார்கள். ‘லைட்’ என்பதற்கு நேரே ‘ஸ்ட்ராங்’ என்று எழுதியிருந்தாள். அதன்மேல் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி. பக்கத்தில் ஆசிரியர் கையெழுத்தில் ‘டார்க்’.

“சித்தப்பா, நம்ம கடையில லைட்டா ஒண்ணு, ஸ்ட்ராங்கா ஒண்ணுன்னுதானே கேக்குறாங்க? டார்க்கா ஒரு டீ போடுங்கன்னு யாரு கேக்குறா?”

அவள் பக்கத்தில் உட்காரும் பையன் ‘ஹெவி’ என்று எழுதி, அவனும் ஒரு பெருக்கல் குறி வாங்கியிருக்கிறான். டார்க், ஹெவி, ஸ்ட்ராங் என்று மூன்று விடைகள். இருட்டுக்கு எதிரான வெளிச்சம் ஒரு லைட். கனத்துக்கு எதிரான லேசு ஒரு லைட். டிக்காஷன் குறைந்த டீ ஒரு லைட். இங்கிலாந்துக்காரர் அந்த டீயை ‘வீக்’ என்பார். நம் டீக்கடை ‘லைட்’ என்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். எனக்கென்னவோ பிள்ளைகள் எழுதியதிலும் ஆசிரியர் திருத்தியதிலும் குறை தெரியவில்லை. ‘லைட்’ என்ற சொல்லைத் தனியாகத் தூக்கி வைத்துக்கொண்டு ‘இதற்கு எதிர்ச்சொல் என்ன’ என்று கேட்டதில்தான் கோளாறு இருக்கிறது.

தமிழில் ‘எதிர்’ என்று எதைச் சொல்கிறோம்? எதிர்வீடு என்றால் நம் வீட்டிலிருந்து வெகுதொலைவில் இருக்கும் வீடு என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. அதே தெருவில், நம் வாசலைப் பார்த்தபடி, பத்தடி இருபதடி தள்ளி இருப்பது எதிர்வீடு. அதே தண்ணீர்க் குழாய், அதே தபால்காரர், அதே குப்பை வண்டி. பார்க்கும் திசை மட்டும் மாறியிருக்கும். எதிர்ச்சொல்லும் அப்படித்தான். ‘சூடு’ என்பதற்கு ‘குளிர்ச்சி’தான் எதிர், ‘நாற்காலி’ எதிர் இல்லை. பொருளில் ரொம்பத் தள்ளி இருப்பது நாற்காலிதான் என்றாலும். சூடும் குளிர்ச்சியும் வெப்பநிலை என்ற ஒரே தெருவில் நிற்கின்றன. ஆக, எதிர்ச்சொல் தேடுகிறவர் முதலில் கண்டுபிடிக்க வேண்டியது தெருவை. தெரு தெரிந்துவிட்டால் வீடு தானே தெரியும். மூலைவீடாக இருந்தால் இரண்டு தெருவிலும் அதற்கு எதிர்வீடு உண்டு. ஆங்கிலத்தில் அன்றாடம் புழங்கும் குட்டிச் சொற்கள் முக்கால்வாசியும் இப்படிப்பட்ட மூலைவீடுகள்.

இதை நான் புதிதாகக் கண்டுபிடித்துவிடவில்லை. பீட்டர் மார்க் ரோஜெட் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1852இல், தம் 73ஆம் வயதில், ‘தெசாரஸ்’ என்ற சொற்களஞ்சியத்தை வெளியிட்டார். 1805இலேயே தமக்கென்று அதன் முதல் வடிவத்தை எழுதி வைத்திருந்தவர் அவர். சொற்களை அகரவரிசைப்படி அடுக்காமல் கருத்துவாரியாகப் பிரித்து, ஒரு கருத்தையும் அதற்கு மாறான கருத்தையும் ஒரே பக்கத்தில் இரண்டு பத்திகளாக, எதிரும் புதிருமாக அச்சிட்டார். அப்படி அடுக்கும்போதே சிக்கல் அவருக்குப் புரிந்துவிட்டது. முன்னுரையில் சொல்கிறார்: ‘ஓல்டு’ என்பது பொருட்களுக்கு வரும்போது அதன் எதிர் ‘நியூ’, உயிருள்ளவற்றுக்கு வரும்போது ‘யங்’. தமிழுக்கு இந்தச் சங்கடம் குறைவு. சட்டை பழையது, தாத்தா வயதானவர் என்று நாம் முதலிலேயே பிரித்துவிடுகிறோம். ஆனால் ‘ஓல்டு ஸ்டூடண்ட்’ என்பதை ‘பழைய மாணவர்’ என்று மொழிபெயர்த்துச் சங்கம் வைத்தோம். அங்கே எதிர் ‘யங்’கும் இல்லை, ‘நியூ’வும் இல்லை, இப்போது படிக்கிற மாணவர்.

‘ஆன்டனிம்’ என்ற பெயரே ரோஜெட் நூல் வெளிவந்தபோது இல்லை. சார்லஸ் ஜான் ஸ்மித் என்ற பாதிரியார் 1867இல் வெளியிட்ட ஒருபொருட்சொல், எதிர்ச்சொல் தொகுப்பில்தான் அது முதலில் தென்படுகிறது. ‘சினானிம்’ என்ற சொல் அதற்குப் பல நூற்றாண்டு மூத்தது. நம்மிடமும் கதை கிட்டத்தட்ட இதுதான். திவாகர நிகண்டில் 12 தொகுதிகள். முதல் பத்து, ஒரு பொருளுக்குப் பல பெயர் சொல்பவை. பதினொன்றாவது, ஒரு சொல்லுக்குப் பல பொருள் சொல்வது. பன்னிரண்டாவது ஐம்பொறி, நாற்படை போன்ற தொகைப் பெயர்கள். எதிர்ச்சொல்லுக்குத் தொகுதி கிடையாது. தமிழர்கள் எதிர்ச்சொல்லை அகராதியில் வைக்கவில்லை, யாப்பில் வைத்தார்கள். மோனை, எதுகை, இயைபு, அளபெடை என்பவற்றோடு ஐந்தாவதாக முரண்தொடை நிற்கிறது. அடிதோறும் முரணான சொல்லோ பொருளோ வரத் தொடுப்பது அது. எதிர்ச்சொல் என்பது இரண்டு சொற்கள் பக்கத்தில் பக்கத்தில் வரும்போது நடக்கிற ஒன்று, ஒரு சொல்லுக்குள் பூட்டி வைத்த சொத்து அல்ல என்ற எண்ணம் அந்த ஏற்பாட்டில் இருப்பதாக எனக்குப் படுகிறது. இது என் ஊகம். இலக்கணப் புலவர்கள் சண்டைக்கு வரலாம்.

மூலைவீடுகள் சிலவற்றைப் பார்ப்போம். பள்ளிப் பிள்ளைகள் எல்லோரிடமும் ஒரு ‘ரஃப் நோட்டு’ உண்டு, ஒரு ‘ஃபேர் நோட்டு’ உண்டு. ‘ரஃப்’ என்பதற்கு எதிர்ச்சொல் கேட்டால் அதே பிள்ளைகள் ‘ஸ்மூத்’ என்று எழுதுவார்கள். மரப்பலகைக்கு அது சரி. ஆளின் சுபாவத்துக்கு ‘ஜென்டில்’. கையிலிருக்கும் நோட்டுக்கு ‘ஃபேர்’. இனி ‘ஃபேர்’ வீட்டு வாசலில் நின்று பாருங்கள். தீர்ப்பு என்றால் அதன் எதிர் ‘அன்ஃபேர்’. விளையாட்டில் ‘ஃபவுல்’. மணமகள் தேவை விளம்பரத்தில் ‘டார்க்’ (அந்தத் தெருவையே இடித்துத் தள்ளலாம், அது வேறு கதை). ‘ஹார்டு’ என்பதும் இப்படித்தான். கல்லுக்கு எதிர் ‘சாஃப்ட்’, கணக்குக்கு எதிர் ‘ஈஸி’. ‘ட்ரை’ துணிக்கு எதிர் ‘வெட்’, ‘ட்ரை’ ஒயினுக்கு எதிர் ‘ஸ்வீட்’. ‘ஷார்ட்’ கயிற்றுக்கு ‘லாங்’, ‘ஷார்ட்’ ஆளுக்கு ‘டால்’.

‘ஹாட்’ என்ற சொல் நம் ஊரில் தனி வாழ்க்கை வாழ்கிறது. தண்ணீருக்கு எதிர் ‘கோல்டு’, மிளகாய்க் காரத்துக்கு எதிர் ‘மைல்டு’. ஆனால் நம் தெருவில் ‘ஹாட் டிரிங்க்ஸ்’ என்றால் காபியோ டீயோ அல்ல, மது. அதற்கு எதிர் ‘கூல் டிரிங்க்ஸ்’. ஆங்கிலேயர் அங்கே ‘ஹார்டு’, ‘சாஃப்ட்’ என்று வைத்திருக்கும் தெருவுக்கு நாம் வெப்பநிலையின் பெயரைச் சூட்டிவிட்டோம். மதுக்கடை வாசலில் ‘ஹாட்டா, பீரா?’ என்று கேட்கும்போது ‘ஹாட்’டுக்கு எதிர்ச்சொல் ‘பீர்’. சிரிக்க வேண்டாம், மொழி வேலை செய்யும் விதம் இதுதான். டீக்கடையில் ‘ஸ்ட்ராங்’குக்கு ‘லைட்’ எதிரானது போலவே, புழங்குகிறவர்கள் ஒரு தெருவைப் போட்டுக்கொண்டு இரண்டு சொற்களை எதிரெதிரே குடிவைத்துவிடுகிறார்கள்.

எதிர்நிலையில் வகைகள் உண்டு என்பதை மொழியியல் நூல்கள் விரிவாகப் பேசும். 1960, 70களில் ஜான் லயன்ஸ் என்ற பிரிட்டிஷ் மொழியியலாளர் பிரித்துக் காட்டியதுதான் இன்றும் பாடம். உயிரோடு இருப்பது, செத்துப்போவது என்பது ஒரு வகை: ஒன்று இல்லையென்றால் மற்றது, நடுவில் இடம் இல்லை. பணக்காரர், ஏழை என்பது இன்னொரு வகை: பணக்காரர் இல்லை என்று சொன்ன மாத்திரத்தில் ஒருவர் ஏழையாகிவிட மாட்டார், நடுவில் நாமெல்லாம் இருக்கிறோம். ‘ரொம்ப’ போட்டுப் பார்ப்பது எளிய சோதனை. ரொம்பப் பணக்காரர் உண்டு. ரொம்பச் செத்தவர் கிடையாது. இந்த நடு இடத்தை மறப்பதுதான் ஆங்கிலம் படிக்கும்போது அடிக்கடி நடக்கும் தவறு. ‘நாட் பேட்’ என்றால் ‘குட்’ என்று நினைத்துவிடுகிறோம். சொன்னவர் மனதில் ‘ஏதோ பரவாயில்லை’ என்பதுதான் இருந்திருக்கும்.

மூன்றாவது வகையில் தமிழர் வழுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. வாங்குதல், விற்றல் போல ஒரே நிகழ்ச்சியை இரண்டு பக்கத்திலிருந்து பார்ப்பது அந்த வகை. கடன் விஷயத்தில் ஆங்கிலம் இரு பக்கத்துக்கும் தனித்தனி வினை வைத்திருக்கிறது: கொடுப்பவர் ‘லெண்ட்’, வாங்குபவர் ‘பாரோ’. நமக்கு ‘கடன்’ ஒன்றுதான். கூட வரும் ‘கொடு’, ‘வாங்கு’ பக்கத்தைக் காட்டிவிடும். எனவே ‘லெண்ட் மீ’ என்று கேட்க வேண்டிய இடத்தில் ‘பாரோ மீ’ என்று வாய் தவறுகிறது. வீட்டு வாடகையில் கதை தலைகீழ். தமிழில் வாடகைக்கு விடுவது வேறு, எடுப்பது வேறு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘ரென்ட்’. ஒருவர் வீட்டை ‘ரென்ட்’ செய்தார் என்றால் அவர் வீட்டுக்காரரா குடித்தனக்காரரா என்பதைச் சூழல்தான் சொல்ல வேண்டும்.

ஆங்கிலத்தில் எதிர்ச்சொல் செய்வது சுலபம், முன்னால் ‘அன்’ போட்டால் போதும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. ‘ஹேப்பி’க்கு ‘அன்ஹேப்பி’ வரும். ‘சேட்’டுக்கு ‘அன்சேட்’ வராது. ‘வைஸ்’க்கு ‘அன்வைஸ்’ உண்டு, ‘ஃபூலிஷ்’க்கு ‘அன்ஃபூலிஷ்’ கிடையாது. நல்லதைச் சொல்லும் சொல்லின்மேல்தான் இந்த ‘அன்’ பெரும்பாலும் ஏறுகிறது. கெட்டதன் மேல் ஏற மறுக்கிறது. டென்மார்க் அறிஞர் ஓட்டோ யெஸ்பர்சன் 1917இலேயே இதைக் கவனித்து எழுதினார். 1964இல் கார்ல் சிம்மர் இதற்கென்றே ஒரு நூல் எழுதிப் பல மொழிகளில் சோதித்துப் பார்த்தார்.

‘அன்’, ‘நான்’, ‘லெஸ்’ மூன்றையும் குழப்பிக்கொள்ளும் மாணவர்களுக்குத் தமிழே உதவிக்கு வரும். நம் இலக்கண வகுப்பும் ஆங்கில வகுப்பும் பேச்சுவார்த்தை வைத்துக்கொள்ளாததால் அது யார் கண்ணிலும் படுவதில்லை. தமிழில் இரண்டு மறுப்பு இருக்கிறது: இல்லை, அல்ல. இருப்பை மறுப்பது ‘இல்லை’. தன்மையை மறுப்பது ‘அல்ல’. பேச்சில் ‘அல்ல’ தேய்ந்துவிட்டாலும் அரசாணையில் தெம்பாக இருக்கிறது. ‘ஆசிரியர் இல்லாத பள்ளி’ என்பது ஒரு பிரச்சினை. ‘ஆசிரியர் அல்லாத பணியாளர்’ என்பது ஒரு பதவிப் பிரிவு. முதலாவது ஆங்கிலத்தின் ‘லெஸ்’, இரண்டாவது ‘நான்’. எழுத்தரும் காவலாளியும் ‘நான்டீச்சிங்’, அதாவது ஆசிரியர் அல்லாதவர். குறை ஒன்றுமில்லை, வகை வேறு. இதே சாவியை ‘அன்’னுக்கும் போட்டுப் பாருங்கள். ‘நான்புரொஃபஷனல்’ என்பவர் அதைத் தொழிலாகக் கொள்ளாதவர். அவர்மேல் குற்றம் இல்லை. ‘அன்புரொஃபஷனல்’ என்றால் தொழிலில் இருந்துகொண்டே அதற்குரிய ஒழுக்கம் இல்லாதவர், இது வசவு. தெருவுக்கு வெளியே நிற்பவரைக் காட்டுவது ‘நான்’. தெருவின் அந்தக் கோடியில் நிற்பவரைக் காட்டுவது ‘அன்’. ‘இம்மாரல்’, ‘ஏமாரல்’ என்ற ஜோடியிலும் இதே கணக்குதான்: முன்னவர் நெறி கெட்டவர், பின்னவர் நெறி என்ற கேள்விக்கே வெளியே நிற்பவர்.

‘ஃபுல்’, ‘லெஸ்’ இரண்டும் எதிரெதிர் என்பதும் பாதி உண்மைதான். ‘கேர்ஃபுல்’, ‘கேர்லெஸ்’ சரி. ‘ஹெல்ப்லெஸ்’ என்பவர் உதவாதவர் அல்ல, நாதியற்றவர். ‘ஷேம்ஃபுல்’, ‘ஷேம்லெஸ்’ இரண்டும் திட்டு. தமிழிலும் அப்படியே இருப்பதைப் பாருங்கள்: செயல் வெட்கக்கேடானது, செய்தவன் வெட்கங்கெட்டவன்.

நெடுஞ்சாலையில் பெட்ரோல் டேங்கர் லாரிக்குப் பின்னால் போகும்போது ‘ஹைலி இன்ஃப்ளேமபிள்’ என்று சிவப்பில் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ‘இன்’ என்றால் மறுப்பு என்று படித்த பிள்ளை ‘தீப்பற்றாதது’ என்று பொருள் சொன்னால் யாரைக் குற்றம் சொல்வது? லத்தீனிலிருந்து ஆங்கிலத்துக்கு இரண்டு ‘இன்’ வந்தன. ஒன்று இல்லை என்பது, இன்னொன்று உள்ளே, முழுக்க என்பது. லாரியின் முதுகில் இருப்பது இரண்டாவது. தவறாகப் படித்தால் உயிர் போகும் என்பதால் 1920களில் அமெரிக்கத் தீத்தடுப்பு அமைப்பினர் ‘ஃப்ளேமபிள்’ என்றே எழுதுங்கள் என்று வற்புறுத்தத் தொடங்கினார்கள். இன்று இரண்டும் ஒரே பொருளில் புழங்குகின்றன. நம் லாரிகள் பழைய சொல்லோடுதான் ஓடுகின்றன.

தனக்குத்தானே எதிர்வீடாக இருக்கும் சொற்களும் உண்டு. வங்கிக்குப் போய்வந்தவர் ‘லோன் சாங்ஷன் ஆயிடுச்சு’ என்று இனிப்பு கொடுக்கிறார். அன்றைய நாளிதழில் ஒரு நாட்டின் மேல் அமெரிக்கா ‘சாங்ஷன்’ விதித்தது என்று செய்தி வருகிறது. தமிழ் நாளிதழ் அதைப் பொருளாதாரத் தடை என்கிறது. அனுமதியும் தடையும் எப்படி ஒரே சொல்லாயின? சட்டம் இயற்றி உறுதிசெய்வதைக் குறித்த லத்தீன் சொல் மூலம். உறுதிப்படுத்துவது ஒரு பக்கம், அந்தச் சட்டத்தை மீறினால் வரும் தண்டனை இன்னொரு பக்கம். இரண்டு கிளையும் தனித்தனியே வளர்ந்து, இன்று ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கின்றன.

பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் அதை எடுத்துப் பாருங்கள். இதை வைத்திருப்பவரைத் தடையின்றிப் போகவிடுமாறு குடியரசுத் தலைவர் பெயரால் கேட்டுக்கொள்ளும் வாசகம் உள்ளே இருக்கும். அதில் ‘ஹிண்ட்ரன்ஸ்’ என்பதற்கு முன்னால் ஒரு ‘லெட்’ வரும். ‘லெட்’ என்றால் விடு என்றுதானே படித்தோம்? தெருவில் வீட்டுக்கு வீடு தொங்கும் ‘டூ லெட்’ பலகையில் இருப்பது அந்த ‘லெட்’தான். பாஸ்போர்ட்டில் இருப்பது வேறு ஆள்: தடை என்று பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல். ஆதியில் இரண்டும் வெவ்வேறு ஒலியுடைய தனிச் சொற்கள். காலம் தேய்த்ததில் உருவம் ஒன்றாகிப்போனது. தடை என்ற பொருள் அநேகமாக எங்கும் செத்து, சட்ட மொழி போன்ற சில இடங்களில் மட்டும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது. பிளப்பதையும் ஒட்டுவதையும் ஒருசேரக் குறிக்கும் ‘க்ளீவ்’ என்ற சொல்லின் வரலாறும் இதுவே.

‘ஃபாஸ்ட்’ வேறு ரகம். வேகமாக ஓடுவது ‘ஃபாஸ்ட்’, அசையாமல் ஒட்டிக்கொண்டிருப்பதும் ‘ஃபாஸ்ட்’. முதலில் இருந்தது உறுதி என்ற பொருள். உறுதியாக, விடாமல் ஓடுவது வேகமாக ஓடுவதாயிற்று. சாயத் தொழிலில் பழைய பொருள் இன்றும் இருக்கிறது. சாயம் போகாத துணி ‘ஃபாஸ்ட் கலர்’. அந்தத் தெருவில் இதற்கு எதிர்ச்சொல் ‘ஸ்லோ’ கிடையாது, ‘ப்ளீடிங்’. துவைத்தால் ரத்தம் போலச் சாயம் ஒழுகுவது. 1950களின் இறுதியில் மெட்ராஸ் கட்டம் போட்ட கைத்தறித் துணி அமெரிக்காவுக்குப் போனது. அங்கே துவைத்த இடமெல்லாம் சாயம் விட்டு வாங்கியவர்கள் கொதித்தார்கள். விளம்பரக்காரர்கள் சும்மா இருப்பார்களா? சாயம் போவதுதான் இதன் தனி அழகு, ஒவ்வொரு சலவைக்கும் ஒரு புது நிறம் என்று கதையைத் திருப்பினார்கள். ‘ப்ளீடிங் மெட்ராஸ்’ என்ற பெயரில் அதற்குத் தட்டுப்பாடே வந்தது. கெட்ட பக்கத்தில் இருந்த வீட்டை நல்ல பக்கத்துக்கு மாற்றிக் கட்டியதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

கடல் தாண்டினால் எதிர்மாறாகும் சொல்லும் இருக்கிறது. ஒரு தீர்மானத்தை ‘டேபிள்’ செய்வது என்றால் பிரிட்டனில் விவாதத்துக்கு எடுப்பது, அமெரிக்காவில் ஒதுக்கிவைப்பது. இரண்டாம் உலகப் போரின் நடுவே இரு நாட்டுத் தளபதிகளும் இந்த ஒரு சொல்லால் வெகுநேரம் வாதாடினார்களாம், இரண்டு தரப்பும் வேண்டியது ஒன்றேதான் என்பது தெரியாமலே. சர்ச்சில் தம் போர் நினைவுகளில் இதை எழுதியிருக்கிறார்.

சில சொற்களுக்கு எதிர்வீடு இடிந்துபோயிருக்கும். ‘ரூத்லெஸ்’ இருக்கிறது, இரக்கம் என்ற பொருளில் இருந்த ‘ரூத்’ வழக்கொழிந்துவிட்டது. ‘டிஸ்கிரண்டில்டு’ இருக்கிறது, ‘கிரண்டில்டு’ இல்லை. நகைச்சுவை எழுத்தாளர் வுட்ஹவுஸ் 1938இல் அதை வேண்டுமென்றே பயன்படுத்திச் சிரிக்கவைத்தார். இங்கே ‘டிஸ்’ மறுப்பே அல்ல, மிகுதி என்பது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. எதிர்வீடு இல்லாத இடத்தில் இந்தியர்கள் ஒன்று கட்டியிருக்கிறோம். ‘போஸ்ட்போன்’ என்பதற்கு எதிராக ‘ப்ரீபோன்’. பள்ளியில் இதைத் தப்பான ஆங்கிலம் என்று அடித்துத் திருத்தியவர்கள் உண்டு. ஆக்ஸ்ஃபோர்டு அகராதியே இன்று அதை ஏற்றுக்கொண்டுவிட்டது. என் தீர்ப்பு ‘ப்ரீபோன்’ பக்கம்தான். காரணம் இருக்கிறது. ஆங்கிலேயர்கள் அந்த இடத்தில் கூட்டத்தை ‘ஃபார்வர்டு’ நகர்த்துவதாகச் சொல்வார்கள். புதன்கிழமைக் கூட்டத்தை இரண்டு நாள் ‘ஃபார்வர்டு’ நகர்த்தினால் திங்களா, வெள்ளியா? ஆங்கிலம் தாய்மொழியானவர்களிடமே இதைக் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள் உளவியலாளர்கள். விடை இரண்டாகப் பிரிகிறது. ‘ப்ரீபோன்’ என்றால் குழப்பமே இல்லை, திங்கள்.

தெரு, வீடு எல்லாம் சரி; ஆனால் எதிர்ச்சொல் வெறும் தர்க்கம் மட்டும் அல்ல, பழக்கமும்கூட. ‘லாபம்’ என்றால் நம் வாயில் ‘நஷ்டம்’ வரும், ‘இழப்பு’ வராது. ‘மேடு’ என்றால் ‘பள்ளம்’, குழி அல்ல. ஆங்கிலத்தில் ‘பிக்’ என்றால் ‘லிட்டில்’, ‘லார்ஜ்’ என்றால் ‘ஸ்மால்’ என்று பழைய ஜோடிகள் உண்டு. பொருள் ஏறக்குறைய ஒன்றுதான் என்றாலும் ‘லார்ஜ்’, ‘லிட்டில்’ என்று சேர்த்தால் காதில் இடறும். 1910இல் கென்ட், ரோசனாஃப் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1000 பேரிடம் 100 சொற்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, மனதில் சட்டென்று தோன்றும் சொல்லைக் கேட்டுப் பதிந்தார்கள். ‘டார்க்’ என்றதும் அதிகம் பேர் சொன்னது ‘லைட்’. அண்ணன் மகளின் ஆசிரியரும் அந்தப் பழக்கத்தில்தான் திருத்தியிருக்கிறார். ஸ்டீவன் ஜோன்ஸ் என்ற ஆய்வாளர் 2002இல் வெளியிட்ட நூலுக்காக ஒரு லண்டன் நாளிதழிலிருந்து எதிர்ச்சொல் ஜோடிகள் வரும் 3000 வாக்கியங்களை எடுத்து அலசினார். நேருக்கு நேர் முரணைக் காட்டுவதற்காக மட்டும் அவை வரவில்லை. நான்கில் மூன்று பங்குக்கு மேல் இரண்டு வேலைகளுக்காக வந்தன. ஒன்று, எல்லாவற்றையும் அடக்கிச் சொல்வது. நாம் ‘நல்லது கெட்டது’, ‘வரவு செலவு’, ‘கொடுக்கல் வாங்கல்’ என்பது போல. மற்றது, எதிரே அல்லாத இரண்டை எதிராகக் காட்டுவது. ‘பகலில் வாத்தியார், ராத்திரியில் ஆட்டோக்காரர்’ என்று சொல்லிப் பாருங்கள். வாத்தியாருக்கும் ஆட்டோவுக்கும் என்ன பகை? பகலும் ராத்திரியும் சேர்ந்து மூட்டிவிட்ட பகை அது.

இப்படிக் கூடவே திரிவதால் கணினிக்கு ஒரு தலைவலி. 2013இல் கூகுளில் தாமஸ் மிகோலோவ் குழுவினர் வெளியிட்ட ‘வேர்டு2வெக்’ போன்ற முறைகள், எந்தச் சொல் எந்தச் சொற்களுக்கு நடுவே வருகிறது என்று பார்த்து அதன் பொருளைக் கணக்கிடுகின்றன. ‘ஹாட்’ வருகிற இடமெல்லாம் ‘கோல்டு’ வரும்: தண்ணீர், காற்று, காபி. எனவே அந்தக் கணக்கில் ‘ஹாட்’டும் ‘கோல்டு’ம் நெருங்கிய உறவினர்களாகத் தெரியும். ஒருபொருட்சொல்லையும் எதிர்ச்சொல்லையும் பிரித்தறிய அதற்குத் தனியாகக் கற்பிக்க வேண்டியிருக்கிறது. எதிர்வீடு பக்கத்தில்தான் இருக்கும் என்பதை எந்திரமும் தன் வழியில் கண்டுபிடித்திருக்கிறது.

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் மில்லர் 1985இல் தொடங்கிய ‘வேர்டுநெட்’ அகராதியில் படிப்பவர்களுக்கு ஆகும் உத்தி ஒன்று உண்டு. ‘வெட்’, ‘ட்ரை’ இரண்டும் நேர் எதிர். ‘சாகி’, அதாவது நொதநொதவென்று இருப்பது, நேர் எதிர் இல்லாத சொல். அது ‘வெட்’டின் கூட்டாளி, ‘வெட்’டின் எதிர் ‘ட்ரை’, ஆகவே ‘சாகி’க்கும் அந்த வழியாக ‘ட்ரை’. அரிய சொல் ஒன்றுக்கு எதிர்ச்சொல் தெரியவில்லையென்றால் முதலில் அதன் எளிய உறவினரைப் பிடியுங்கள். அவர் எதிர்வீட்டைக் காட்டுவார். அகராதி வாங்குபவர்கள், மாணவர்களுக்கென்றே எழுதப்பட்ட ஆங்கில–ஆங்கில அகராதியாகப் பார்த்து வாங்கலாம். ஹார்ன்பி தொடங்கிவைத்த ஆக்ஸ்ஃபோர்டு மாணவர் அகராதி, எதிர்ச்சொல்லைச் சொல்லுக்கு மொத்தமாகக் கொடுக்காமல், எண்ணிட்ட ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில் தனித்தனியே கொடுக்கிறது. ‘லைட்’ பக்கத்தைத் திறந்தால் ‘டார்க்’ ஓர் இடத்தில், ‘ஹெவி’ வேறிடத்தில் இருக்கும்.

சென்னை, கோவைப் பொறியியல் மாணவர்கள் அமெரிக்கா போக ஜிஆர்இ எழுதுவதற்காக பேரன்ஸ் நூலின் 3500 சொற்களை மனப்பாடம் செய்த தலைமுறை ஒன்று இருந்தது. விடுதிச் சுவரெல்லாம் சொல்லும் எதிர்ச்சொல்லும் ஒட்டியிருக்கும். தேர்வு முடிந்த மறுவாரம் பாதி மறந்துபோகும். 1994இல் எஸ்ஏடி தேர்விலிருந்தும் 2011இல் ஜிஆர்இ தேர்விலிருந்தும் எதிர்ச்சொல் கேள்வியை எடுத்தேவிட்டார்கள். அதற்குப் பதிலாக, சொல்லை வாக்கியத்துக்குள் வைத்துக் கேட்கிறார்கள்.

நம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு ஆங்கில வினாத்தாளில் எதிர்ச்சொல் கேள்விகள் இன்னும் இருக்கின்றன, இருக்கட்டும். அங்கே வாக்கியம் கொடுத்து, அதில் தனித்துக் காட்டிய சொல்லைத்தான் கேட்கிறார்கள். கீழ்வகுப்பு வீட்டுப்பாடங்களிலும் கைடுகளிலும் போட்டித்தேர்வுப் பயிற்சிப் புத்தகங்களிலும்தான் ஒற்றைச் சொல்லும் ஒரு கோடிட்ட இடமும் அப்படியே தொடர்கின்றன. அவற்றைத் தயாரிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘லைட்’ என்று மட்டும் அச்சிடாதீர்கள். பெட்டி லைட்டாக இருந்தது, அறை லைட்டாக இருந்தது என்று ஏதாவது ஒரு வாக்கியம் சேர்த்துக் கொடுங்கள். கேள்விக்கு ஒரு வரி கூடும், பத்துக் கேள்விக்குப் பத்து வரி. தாள் செலவு அரைப் பக்கம்.